உள்ளே ஒன்றுமில்லை, உடைத்துப் பார்!

“அதையெல்லாம் ஸ்பிரிங்கே பார்த்துக்கும் சார்.”

இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம். வேப்பூர் கூட்ரோட்டில் ராத்திரி பஸ் ஏறி, விடியும் முன் தாம்பரத்தில் இறங்கி, கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவி, இஸ்திரி கலையாத சட்டையைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, சிறுசேரி வரைக்கும் போய், மதியம் வரை காத்திருந்து, நேர்காணல் அறைக்குள் நுழைந்து, இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறார்கள் நம் பிள்ளைகள். மங்களூர் ஒன்றியத்துப் பிள்ளைகள். கடற்கரையில் இருக்கும் கர்நாடகத்து மங்களூரைச் சொல்லவில்லை. கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற நம்முடைய மங்களூர்.

ஸ்பிரிங், ஜாவாவில் நிரல் எழுதப் பயன்படும் ஒரு ஃபிரேம்வொர்க். அதைப் பற்றிக் கேட்ட கேள்வி என்ன? “ஒரு கம்போனென்ட்டை லேஸியாக இன்ஜெக்ட் பண்ணினால் உள்ளே என்ன நடக்கிறது?” அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் உன்னை மடக்குவதற்காக இதைக் கேட்கவில்லை. நீ ஒரு பொருளைப் பிரித்துப் பார்க்கிற ஆளா, பெட்டியோடு வாங்கி அலமாரியில் வைக்கிற ஆளா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார். நீ “ஸ்பிரிங் பார்த்துக்கும்” என்கிறாய். அவர் தலையை ஆட்டுகிறார். “சொல்லி அனுப்புறோம்” என்கிறார். ஊருக்கு வந்து, “இங்கிலீஷ் சரியா வரல, அதான்” என்று அம்மாவிடம் சொல்கிறாய்.

பொய், தம்பி. பொய், தங்கச்சி. உன் இங்கிலீஷ் உன்னைத் தோற்கடிக்கவில்லை. உள்ளே ஏதோ பெரிய மந்திரம் இருக்கிறது, அது அமெரிக்காக்காரனுக்குப் புரியும், ஐஐடிக்காரனுக்குப் புரியும், நமக்கெதற்கு என்று நீயே கதவைச் சாத்திக்கொண்டாயே, அது தோற்கடித்தது.

இப்போது அந்தக் கதவைத் திறப்போம். விருத்தாசலம் வழியாகப் போவோம், அதுதான் நமக்குத் தெரிந்த வழி.

விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை வார்ப்பதைப் பார்த்திருக்கிறாயா? பார்த்திராவிட்டால் ஒருநாள் போய்ப் பார். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக வைத்திருப்பார்கள். சோடியம் சிலிகேட் துளி சேர்த்தால், மேலும் தண்ணீர் விடாமலே அந்தக் கூழ் இளகி ஓடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சின் இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டி, மேலே இருக்கும் துளை வழியாகக் கூழை ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். அச்சின் உட்சுவரை ஒட்டி ஒரு படலம் கெட்டியாகும். கொஞ்ச நேரம் விட்டு, அச்சைத் தலைகீழாகக் கவிழ்த்து மிச்சக் கூழைத் தொட்டியிலேயே கொட்டிவிடுவார்கள். காய்ந்ததும் அச்சைப் பிரித்தால் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். காது, துதிக்கை, தொந்தி எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே காற்று.

அந்த வேலை செய்கிற அக்காவிடம், “மிச்சத்தை ஏன் கொட்டுறீங்க?” என்று கேள். “அச்சு பார்த்துக்கும்” என்று அவர் சொல்ல மாட்டார். தடித்துப்போனால் சூளையில் வெடிக்கும், உள்ளே நிற்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வரும், அதனால்தான் அடியில் ஒரு துளையும் விடுகிறோம் என்பார். பள்ளிப் படிப்பை முடிக்காதவராகக்கூட இருக்கலாம். ஆனால் கையில் இருக்கும் பொருளின் உள்ளும் புறமும் அவருக்குத் தெரியும். நீ டிகிரி முடித்தவன். உன் கையில் இருக்கும் பொருளின் உள்ளே என்ன என்று கேட்டால், வாங்கி வந்த கடையின் பெயரைச் சொல்கிறாய்!

வெட்கப்படு. ஒரு நிமிஷம் போதும். பிறகு வேலையைப் பார்.

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு உன் அப்பாவோடு மூட்டை ஏற்றிக்கொண்டு போயிருப்பாய். லாட் போடுவார்கள், எடை போடுவார்கள், மறைமுக ஏலம் நடக்கும், விலை ஒத்துவந்தால் பணப் பட்டுவாடா, கையில் ஒரு சீட்டு. அந்தக் கூடத்துக்கு நீ ஜாவாவில் ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள். லாட் பதிவுக்கு ஒரு கம்போனென்ட், எடைக்கு ஒன்று, ஏலத்துக்கு ஒன்று, பட்டுவாடாவுக்கு ஒன்று, சீட்டும் மாதாந்தர அறிக்கையும் அச்சிட ஒன்று; இந்தக் கடைசி ஆளுக்கு அறிக்கை என்றே பெயர் வைப்போம். பட்டுவாடாவுக்கு அறிக்கை வேண்டும். அதைப் பட்டுவாடாவே உருவாக்கிக்கொண்டால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நாளைக்கு அறிக்கையை மாற்ற முடியாது, தனியாகச் சோதிக்க முடியாது. அதனால் பட்டுவாடா தன் கன்ஸ்ட்ரக்டரில், “எனக்கு ஓர் அறிக்கை வேண்டும்” என்று மட்டும் சொல்லும். உருவாக்கிக் கொடுப்பது கண்டெய்னரின், அதாவது ஸ்பிரிங்குக்குள் ஆப்ஜெக்டுகளைக் கட்டி வைத்திருக்கும் பகுதியின் வேலை. இதற்குத்தான் 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபௌலர் ஒரு கட்டுரையில் டிபெண்டென்சி இன்ஜெக்‌ஷன் என்று பெயர் சூட்டினார். இந்தப் பெயரைக் கேட்டுத்தானே மிரண்டாய்? கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது. முடிந்தது.

இனிமேல்தான் விஷயம் ருசிக்கும். ஸ்பிரிங், நிரல் எழும்பும்போதே தன்னிடம் உள்ள எல்லா சிங்கிள்டன் ஆப்ஜெக்டுகளையும் கட்டி வைத்துவிடும். அறிக்கைக் கம்போனென்ட்டோ கனமானது. தமிழ் எழுத்துருக்களை ஏற்ற வேண்டும், வார்ப்புருக் கோப்புகளைப் படிக்க வேண்டும், எங்கோ இருக்கும் ஒரு சர்வரோடு இணைப்புப் பிடிக்க வேண்டும். காலையில் லாட் போட வந்த விவசாயிக்கு அறிக்கை எதற்கு? அது மதியத்துக்கு மேல்தான் தேவை. ஆனாலும் ஒவ்வொரு முறை நிரலை எழுப்பும்போதும் அதற்காக எல்லோரும் காத்துக்கிடக்க வேண்டும்.

உடனே நீ என்ன செய்வாய்? அறிக்கை கிளாஸின் தலையில், கேட்கும் வரை கட்டாதே என்று சொல்லும் @லேஸியை எழுதுவாய். ஓட்டுவாய். நேரம் குறைந்திருக்காது. “ஸ்பிரிங்கில் ஏதோ பக்” என்பாய். பக் ஸ்பிரிங்கில் இல்லை. பட்டுவாடா சோம்பேறி கிடையாது; அது காலையிலேயே பிறக்க வேண்டும். பிறக்கும்போதே கையில் அறிக்கை வேண்டும் என்கிறது. கண்டெய்னர் வேறென்ன செய்யும்? அறிக்கையையும் கட்டிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஸ்பிரிங்கின் கையேட்டிலேயே இது பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறது. படித்தாயா?

@லேஸியை இரண்டு இடத்தில் போட வேண்டும். அறிக்கை கிளாஸின் மேல் ஒன்று. பட்டுவாடாவின் கன்ஸ்ட்ரக்டரில் அறிக்கையை வாங்குகிற இடத்தில் இன்னொன்று. வாங்குகிற இடத்தில் போடும் வசதி ஸ்பிரிங் 4.0-வில், அதாவது 2013-ன் கடைசியில் வந்தது. இப்போது கண்டெய்னர் பட்டுவாடாவின் கையில் எதைக் கொடுக்கிறது தெரியுமா? அந்த வெற்றுப் பிள்ளையாரை! வெளியிலிருந்து பார்த்தால் காது, துதிக்கை, தொந்தி, அதாவது அறிக்கையின் எல்லா மெத்தடுகளும் இருக்கும். உள்ளே எழுத்துரு கிடையாது, கோப்பு கிடையாது, இணைப்பு கிடையாது. இதன் பெயர்தான் ப்ராக்ஸி. யாராவது முதன்முதலில் அதன் ஒரு மெத்தடைக் கூப்பிடும்போது, அது கண்டெய்னரிடம் போய் அசல் அறிக்கையைக் கேட்கும். அசல் அப்போதுதான் கட்டப்படும். கூப்பிட்ட வேலையை அசலிடம் தள்ளிவிட்டு, வந்த விடையைப் ப்ராக்ஸி திருப்பிக் கொடுக்கும். பட்டுவாடாவுக்கு இந்த நாடகம் எதுவும் தெரியாது.

இதைத்தானே கேட்டார்கள் அந்த அறையில்? இதற்கா ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வியர்த்தாய்?

நான் சொன்னதை நம்பாதே. நிஜமாகவே சொல்கிறேன், நம்பாதே. யார் சொன்னாலும் நம்பிவிடுகிற புத்திதான் உன்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஓட்டிப் பார்.

அறிக்கையை ஓர் இன்டர்ஃபேஸாக எழுது. அதை நிறைவேற்றும் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் “பிறந்துவிட்டேன்” என்று திரையில் அச்சிடும் ஒரு வரி போடு. சொன்ன இரண்டு இடத்திலும் @லேஸி. நிரல் எழும்புகிறது, திரையில் அந்த வரி வரவில்லை. இப்போது பட்டுவாடாவின் கையில் இருக்கும் பொருளிடம் உன் கிளாஸ் என்ன என்று கேள். கெட்கிளாஸைக் கூப்பிட்டு அது தரும் பெயரை அச்சிட்டால் போதும். நீ எழுதிய கிளாஸின் பெயர் வராது. டாலர் குறி, அடுத்து ப்ராக்ஸி, அடுத்து ஓர் எண். ஆள் மாட்டிக்கொண்டான்! அசல் இன்னும் பிறக்கவில்லை. கன்ஸ்ட்ரக்டர் வாய் திறக்கவில்லை என்பதைக் கவனி.

அடுத்து, அந்தப் பொருளையே நேராக அச்சிடு. பெயரைக் கேட்காமல் பொருளையே. பளிச்சென்று “பிறந்துவிட்டேன்” வந்து விழும். ஏன்? ஒரு பொருளை அச்சிட்டால் ஜாவா அதன் டூஸ்ட்ரிங் மெத்தடைக் கூப்பிடும். கூப்பிட்டாய் அல்லவா? ப்ராக்ஸி அசலைத் தேடி ஓடிவிட்டது. அனுபவசாலிகளே இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். டீபக்கரில் நிறுத்தி, “லேஸியாக இருக்கிறதா பார்ப்போம்” என்று மேலே சுட்டியை வைப்பார்கள். டீபக்கர் காட்டுவதற்காக டூஸ்ட்ரிங்கைக் கூப்பிடும். அசல் பிறந்துவிடும். “லேஸி வேலை செய்யவில்லையே!” என்று அலறுவார்கள். பார்த்ததே அதைப் பிறக்க வைத்தது. இந்த ஒரு சங்கதியை நேர்காணலில் சொல்லிப் பார். எதிரில் இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது உன் பயத்தை வேரோடு பிடுங்குகிறேன். அந்தப் ப்ராக்ஸியை நீயே செய்.

ஸ்பிரிங் வேண்டாம். கண்டெய்னர் வேண்டாம். 2000-த்தில் வந்த ஜாவா 1.3-லிருந்தே அதற்கான அச்சு ஜாவாவுக்குள் இருக்கிறது. இன்வொகேஷன் ஹேண்ட்லர் என்ற இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் ஒரு கிளாஸ் எழுது. அதில் ஒரே ஒரு ஃபீல்டு. அதற்கு “உண்மை” என்று பெயர் வை. தமிழிலேயே வை, ஜாவா கம்பைலர் தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் ஏற்றுக்கொள்ளும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? தொடக்கத்தில் உண்மை காலி, அதாவது நல். அந்த கிளாஸுக்கு இருக்கும் ஒரே மெத்தட் இன்வோக். அதற்குள் இரண்டே வேலை. உண்மை நல்லாக இருந்தால் அசலைக் கட்டி அதில் போடு. பிறகு, வந்த அழைப்பை உண்மையின் மேல் ஓட்டி, கிடைத்த விடையைத் திருப்பிக் கொடு. கடைசியாக, ப்ராக்ஸி கிளாஸின் நியூ ப்ராக்ஸி இன்ஸ்டன்ஸிடம் கிளாஸ் லோடர், இன்டர்ஃபேஸ், இந்த ஹேண்ட்லர் மூன்றையும் கொடு. பொம்மை தயார். இறக்குமதி வரிகள், அடைப்புக்குறிகள் எல்லாம் சேர்த்தும் ஒரு பக்கம் நிறையாது.

ஒரு பக்கம்! இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தா பயந்தாய்?

ஆனால் எழுதி முடித்ததும் துள்ளாதே. இரண்டு பேர் ஒரே நொடியில் கூப்பிட்டால்? இருவரும் உண்மை காலி என்று பார்ப்பார்கள், இருவரும் ஆளுக்கொரு அசலைக் கட்டுவார்கள். பூட்டுப் போட வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் பூட்டினால் மெதுவாகும் என்று, பூட்டுக்கு முன் ஒருமுறை, பூட்டிய பின் ஒருமுறை பார்க்கும் தந்திரம் ஒன்று உண்டு. அந்த ஃபீல்டுக்கு வாலடைல் என்று போடாவிட்டால் அது ஓட்டை. 2004-ல் ஜாவா 5 வந்து நினைவக விதிகளைத் திருத்தும் வரை, போட்டாலும்கூட ஓட்டைதான். உலகத்துப் பெரிய கைகள் எல்லாம் வருஷக்கணக்கில் தப்பாக எழுதிய வரி இது. நீ தப்பாக எழுதினால் என்ன குடி முழுகிவிடும்?

இந்த ஃபிரேம்வொர்க்கை எழுதியவர்கள் யார் என்று ஒருமுறையாவது தேடியிருக்கிறாயா? ஸ்பிரிங்குக்கு விதை போட்ட ராட் ஜான்சன் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியது இசையியலில். ஆம், இசையில்! 2002-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதோடு சுமார் 30,000 வரி நிரலையும் கொடுத்தார். அன்றைக்குப் பெரிய கம்பெனிகள் விற்றுக்கொண்டிருந்த கனத்த முறைகளைப் பார்த்து, “இவ்வளவு தேவையில்லை” என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு இருந்தது. புத்தகத்தைப் படித்த யுர்கன் ஹோலரும் யான் கரோஃபும், “இதைத் திறந்த மூலமாக வெளியிடுவோம்” என்று அவரிடம் வந்தார்கள். ஸ்பிரிங் என்ற பெயரே கரோஃப் வைத்தது. 2004 மார்ச்சில் 1.0 வெளிவந்தது. புத்தகம் படித்த இரண்டு வாசகர்கள் ஆசிரியரைத் தேடிப் போனதால் நடந்தது இது. நீயும் வாசகன்தானே? நீ ஏன் தேடிப் போகவில்லை?

ப்ராக்ஸி என்ற யோசனை அவர்களுடையதும் இல்லை. 1994-ல் காமா, ஹெல்ம், ஜான்சன் (இவர் வேறு ஜான்சன்), விலிசைட்ஸ் நால்வர் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு ஆவணத்துக்குள் பெரிய படம். திறக்கும்போதே அதை ஏற்றினால் நேரமாகும். அந்தப் பக்கத்துக்கு வரும் வரை, படத்தின் நீள அகலம் மட்டும் தெரிந்த ஒரு பதிலியை வை என்று அவர்கள் உதாரணம் காட்டினார்கள். அந்த நால்வர் காட்டியதை, ஜாவாவில் டேட்டாபேஸைக் கையாளும் ஹைபர்னேட் எடுத்துக்கொண்டது, ஸ்பிரிங் எடுத்துக்கொண்டது. 2024 நவம்பரில் வந்த பிஎச்பி 8.4 மொழிக்குள்ளேயே லேஸி ஆப்ஜெக்டுகளை வைத்துவிட்டது. முப்பது வருஷமாக ஒரே பொம்மையைத்தான் வெவ்வேறு அச்சில் வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றைப் பிரித்துவிட்டால் எல்லாவற்றையும் பிரித்த மாதிரி.

“எங்க ஊர்ல யாரு சொல்லித் தர்றாங்க?” என்ற பாட்டை ஆரம்பிக்காதே. நம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியிலிருந்து படித்து வந்தவர்கள் இல்லையா? அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சிலிருந்து நடக்கிறது. ஸோஹோ இருபது வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமாவும் முடித்த பிள்ளைகளைத் தன் பள்ளியில் சேர்த்து நிரலாளர்களாக்குகிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஸ்பிரிங்கின் மூல நிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஒரு பைசா கேட்பதில்லை, சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை, எந்த ஊர் என்று கேட்பதில்லை. அதற்குள் போய் பில்ட் லேஸி ரெசல்யூஷன் ப்ராக்ஸி என்ற மெத்தடைத் தேடு. நான் இவ்வளவு நேரம் சொன்னது அங்கே நிரலாக நிற்கும்.

இப்போது ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் கேட்டுவிட்டு நம் மேடைப் பேச்சாளர்களில் யாராவது ஒருவர் உன்னிடம் வந்து, “பார்த்தாயா, நீயும் லேஸி லோடிங் போல இரு. தேவைப்படும்போது கற்றுக்கொள். இப்போதே எதற்கு எல்லாம்?” என்று சொல்லலாம். கை தட்டிவிடாதே! அது அயோக்கியத்தனமான பாடம்.

ஏன் என்று கேள். அறிக்கையின் எழுத்துருக் கோப்பு இருக்கும் பாதையில் ஓர் எழுத்து தப்பு. லேஸி இல்லாவிட்டால் காலை 8 மணிக்கு நிரல் எழும்பும்போதே கன்ஸ்ட்ரக்டர் வெடிக்கும். நீ பார்ப்பாய், திருத்துவாய், கூடம் திறக்கும் முன் எல்லாம் சரி. லேஸியாக இருந்தால்? காலையில் எல்லாம் பச்சை. “சக்சஸ்ஃபுல்” என்று லாக்கில் வரும். நீ டீ குடிக்கப் போய்விடுவாய். லாட் போட்டு, எடை போட்டு, ஏலம் முடிந்து, சாயங்காலம் நாலு மணிக்குச் சீட்டு வாங்க நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, முதல் அழைப்பு போகும். அப்போது வெடிக்கும். உன் அப்பா வயதில் ஒருவர், ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, “என்ன தம்பி, மிஷின் என்ன சொல்லுது?” என்று உன்னைப் பார்ப்பார். லேஸி தப்பை அழிப்பதில்லை. தப்பு வெளியே வரும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது, அதுவும் பார்த்து மோசமான நேரத்துக்குத் தள்ளுகிறது.

ஸ்பிரிங்கின் மேலேயே கட்டிய ஸ்பிரிங் பூட் இருக்கிறதே, 2019 அக்டோபரில் வந்த அதன் 2.2 பதிப்பு, நிரல் முழுவதையும் ஒரே வரியில் லேஸியாக்கும் வசதியைக் கொடுத்தது. கொடுத்தவர்களே அதைத் தானாக இயங்கும்படி வைக்கவில்லை. இதே காரணம்தான். நீ உன் மடிக்கணினியில் வேலை செய்யும்போது வைத்துக்கொள், எழும்பும் நேரம் மிச்சம். சர்வரில் வைக்கும்போது ஒவ்வொன்றாக யோசி. அறிக்கையை லேஸியாக்கலாம், எழும்பியதும் பின்னணியில் ஒருமுறை தொட்டு எழுப்பிவிடும்படி எழுதிவிட்டால் இன்னும் நல்லது. பணப் பட்டுவாடாவை ஒருநாளும் லேஸியாக்காதே. இது என் கட்சி. மறுப்பவர்கள் வரட்டும், பேசலாம்.

நீயும் அப்படித்தான். உன் அடிப்படைகளைக் காலை 8 மணிக்கே கட்டு. மெத்தட் என்றால் என்ன, நினைவகத்தில் ஆப்ஜெக்ட் எங்கே நிற்கிறது, த்ரெட் என்றால் என்ன என்பதெல்லாம் உன் பட்டுவாடா. இவற்றை “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளினால், நேர்காணல் அறையில்தான் வெடிக்கும். ரெஸ்யூமேயில் பத்துத் தொழில்நுட்பத்தின் பெயரை எழுதி, உள்ளே ஒன்றும் இல்லாமல் போய் உட்காருகிறாயே, அந்தக் காகிதம் ஒரு ப்ராக்ஸி. முதல் கேள்வியிலேயே அது அசலைத் தேடும். அசல் உன்னிடம் இருக்கிறதா? நாலு பெயரை அடித்துவிட்டு மிச்சம் ஆறையாவது உள்ளும் புறமும் தெரிந்துகொண்டு போ. தலை நிமிர்ந்து போவாய்.

இன்னொரு கள்ளத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டுவாடாவுக்கு அறிக்கை வேண்டும், அறிக்கைக்குப் பட்டுவாடா வேண்டும் என்று இரண்டும் வட்டமாகச் சுற்றிக்கொண்டால் எது முதலில் பிறக்கும்? 2021 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 2.6, தனியாக அனுமதி கொடுக்காவிட்டால் அப்படிப்பட்ட நிரலை எழுப்பவே மறுத்துவிட்டது. உடனே ஊரெல்லாம் என்ன செய்தது? ஒரு பக்கத்தில் @லேஸி போட்டு வாயடைத்தது. பொம்மை கையில் கிடைத்ததும் வட்டம் அறுந்த மாதிரித் தெரியும். அறவில்லை, மறைந்திருக்கிறது. இன்று ராத்திரிக்குள் வேலை முடிய வேண்டும் என்றால் போட்டுக்கொள், உயிர் போகாது. திங்கட்கிழமை உட்கார்ந்து, இரண்டுக்கும் பொதுவான பகுதியை மூன்றாவதாகப் பிரித்து எடு. “ஏன் லேஸி போட்டாய்?” என்று கேட்டால், “வட்டத்தை மறைக்க” என்று நேர்மையாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு வேலை கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

இன்றைக்கே ஒரு சோதனை பாக்கி. இதுவரை இன்டர்ஃபேஸை வைத்துச் செய்தோம். இப்போது இன்டர்ஃபேஸை எடுத்துவிட்டு, பட்டுவாடா நேராக அறிக்கை கிளாஸையே கேட்கும்படி மாற்று. ஓட்டு. வேலை செய்யும்; ஆனால் பெயரை அச்சிட்டால் இம்முறை அதில் சிஜிலிப் என்று இருக்கும். இன்டர்ஃபேஸ் இல்லாததால் ஸ்பிரிங் உன் கிளாஸுக்குக் கீழே ஒரு துணைக் கிளாஸை அங்கேயே உருவாக்கி, அதைப் பொம்மையாக உட்கார வைத்திருக்கிறது. அறிக்கையில் ஒரு மெத்தடுக்கு மட்டும் ஃபைனல் என்று போட்டு, கன்ஸ்ட்ரக்டரில் ஓர் ஆப்ஜெக்டை மதிப்பாகக் கொடுத்த ஃபீல்டு ஒன்றின் மெத்தடை அதற்குள் கூப்பிடு. ஃபைனல் மெத்தடைத் துணைக் கிளாஸ் மாற்றி எழுத முடியாது. அதனால் அழைப்பு அசலுக்குப் போகாமல் பொம்மையின் மேலேயே ஓடும். பொம்மைக்கு உன் கன்ஸ்ட்ரக்டர் ஓடவே இல்லை, ஃபீல்டு காலி. நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன் வந்து நிற்கும், கன்ஸ்ட்ரக்டரில் மதிப்புக் கொடுத்திருக்கிறேனே என்று நீ கண்ணைக் கசக்குவாய். இந்தப் பக்கை உன் கையால் ஒருமுறை வரவழைத்துப் பார்த்துவிட்டால், பிறகு ஒருநாளும் நீ அதன் முன்னால் விழிக்க மாட்டாய்.

பிறகு மெத்தடில் போட்ட ஃபைனலை எடுத்துவிட்டு, கிளாஸின் தலையிலேயே ஃபைனல் என்று போட்டு ஓட்டு. நிரல் எழும்பாது. திரை நிறையப் பிழை வரிகள் கொட்டும். இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் ஜன்னலை மூடிவிட்டு யாரையாவது கூப்பிடுகிறார்கள். மூடாதே. யாரையும் கூப்பிடாதே. அத்தனையும் இங்கிலீஷ்தான், அதனால் என்ன? நாலாம் வகுப்பு இங்கிலீஷ் போதும். மேலிருந்து படிக்காதே, அடிக்குப் போ. “காஸ்டு பை” என்று தொடங்கும் கடைசி வரியைத் தேடிப் படி. ஃபைனல் கிளாஸுக்குக் கீழே துணைக் கிளாஸ் போட முடியாது என்று நேராகச் சொல்லியிருக்கும். படித்துவிட்டாயா? இப்போது மேலே ஒவ்வொரு “காஸ்டு பை”யாக ஏறி வா. யார் யாரைக் கேட்டார்கள், யார் யாருக்குக் கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டார்கள் என்று பட்டுவாடா வரைக்கும் கதை வரும்.